கப்பல் இருந்தும் ஓட்ட ஆளில்லை: அயர்லாந்துக் கடற்படையும் நமது கடலும்

கோட்டைக்கரை

அனைவருக்கும் வணக்கம். இந்தக் களத்தில் கடற்படை என்றதும் பேச்சு இரண்டு பக்கம் மட்டுமே ஓடுகிறது: போர்க்கால நினைவுகள், இல்லாவிட்டால் கச்சதீவு. இரண்டும் நமக்கு நெருக்கமானவை என்பதால் நிதானமாகப் பேச முடிவதில்லை. அதனால் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன். நிலப்பரப்பில் இலங்கையும் அயர்லாந்துக் குடியரசும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டும் தீவு. இரண்டும் பிரித்தானியாவிடம் இருந்து விடுபட்டவை. கடற்படையை இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கின. ஆனால் அயர்லாந்து தன் கடற்படையைப் போருக்காக வளர்க்கவில்லை, மீனுக்காக வளர்த்தது.

ஆரம்பம் 1921 இன் ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தம். அயர்லாந்தைச் சுற்றியுள்ள கடலின் பாதுகாப்பு பிரித்தானியாவின் பொறுப்பு என்று அது எழுதியது. புதிய அரசு வருமானத்தையும் மீன்பிடியையும் காக்கத் தேவையான கலங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கோப் (அன்றைய பெயர் குயீன்ஸ்டவுன்), பியர்ஹேவன், லொக் ஸ்விலி ஆகிய மூன்று துறைமுகங்கள் பிரித்தானியாவின் கையிலேயே இருந்தன. நிலம் கிடைத்தது, கடல் கிடைக்கவில்லை.

1923 இல் கரையோர, கடல்சார் சேவை ஒன்றைத் தொடங்கினார்கள். உள்நாட்டுப் போர் ஓய்ந்ததும் அடுத்த ஆண்டே அதைக் கலைத்துவிட்டார்கள். மிஞ்சியது மூர்கூ என்ற ஒரே கலம். அதன் பழைய பெயர் ஹெல்கா. 1908 இல் டப்ளினில் மீன்வள ஆய்வுக்காகவும் மீன்பிடிக் காவலுக்காகவும் கட்டப்பட்டது. முதல் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை அதை எடுத்துப் பீரங்கி பொருத்தியது. பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின்போது டப்ளின் நகரின் மீது குண்டு வீசியதும் அதே ஹெல்காதான். நகரத்தைச் சுட்ட கலத்தையே சுதந்திர நாடு தனது முதற் காவற்கலமாக வைத்துக்கொண்டு, பெயரை மாற்றி, மீன்பிடிக் காவலுக்கு அனுப்பியது. இதை முதன்முதலில் படித்தபோது என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. வேறு கலம் வாங்க வசதி இல்லாத நாடு கசப்பை விழுங்கிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறது.

மூன்று துறைமுகங்களும் 1938 இல் திரும்பக் கிடைத்தன. அடுத்த ஆண்டு உலகப் போர். அயர்லாந்து நடுநிலை வகித்தது. ஆனால் நடுநிலையைக் கடலில் காக்க அதனிடம் இருந்தவை மூர்கூ, ஃபோர்ட் ரனொக் என்ற இழுவைப் படகு, அவசரமாக வாங்கிய ஆறு டோர்ப்பீடோ விசைப்படகுகள், இவ்வளவே. கரையைச் சுற்றி 83 கண்காணிப்புக் குடில்கள் அமைத்து உள்ளூர் மக்களைக் காவலுக்கு வைத்தார்கள். மேலே பறக்கும் விமானங்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று கடல்முனைகளில் வெள்ளைக் கற்களால் நாட்டின் பெயரைப் பெரிதாக எழுதிவைத்தார்கள். அவற்றில் சில இன்றும் இருக்கின்றன.

போர் முடிந்த பின், 1946 செப்டம்பரில், நிரந்தரக் கடற்படைச் சேவை உருவானது. தொடர்ச்சியைப் பிறகு எழுதுகிறேன்.

குருநகர்க்காரன்

ஆசிரியருக்கு வணக்கம். நான் கடற்றொழில் செய்யும் குடும்பம். படிப்பு குறைவு, ஆனால் இது நான் கேட்க வேண்டிய கதை. எனக்கு ஒரு விடயம் மட்டும் சொல்லுங்கள். அந்த நாட்டின் கடலுக்குள் பிற நாட்டு இழுவைப் படகுகள் வந்தனவா? வந்திருந்தால் அந்தக் கடற்படை என்ன செய்தது?

வல்வை மாலுமி

கோட்டைக்கரை தம்பி நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். வணிகக் கப்பல்களில் இயந்திரப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோர்க் துறைமுகத்துக்குள் போயிருக்கிறேன். வாய் குறுகல், உள்ளே விரிந்த குடா. றிங்காஸ்கிடியில் சரக்குக் கப்பல்கள் கட்டும் இடத்தில் நின்று பார்த்தால் எதிரே தெரியும் சிறிய தீவு ஹோல்போலைன். முழுக் கடற்படைக்கும் தளம் அது ஒன்றுதான். தலைமையகம், பட்டறை, களஞ்சியம், பயிற்சி எல்லாம் அங்கேயே. சாம்பல் நிறக் கலங்கள் இரண்டோ மூன்றோ கட்டி நின்றன. இவ்வளவுதானா என்று அன்று நினைத்தேன்.

துறைமுகம் திரும்பக் கிடைத்தது பற்றி ஒன்று. கோப் துறையைப் பிரித்தானியர் ஒப்படைத்தது 1938 ஜூலை 11. நமது வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிய பிறகு, நம்மூர் மாலுமிகளுடன் மசாசூசெட்சில் உள்ள குளொஸ்டர் துறையை அடைந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 1. அயர்லாந்து தனது துறைமுகத்தைத் திரும்பப் பெற்ற அந்தக் கோடையில் வடமராட்சிக்காரர் பாய்மரத்தில் அத்திலாந்திக்கைக் கடந்துகொண்டிருந்தார்கள். கடலோடும் ஆற்றல் நம்மிடம் நிறைய இருந்தது. அதை வைத்து எதையும் கட்டியெழுப்ப அமைப்புத்தான் இருக்கவில்லை. அயர்லாந்தில் இது தலைகீழ்: அரசும் அமைப்பும் வந்தன, ஆனால் மக்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அங்குள்ளவர்களே இதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்வார்கள்.

1946-47 இல் பிரித்தானியாவிடம் வாங்கிய மூன்று கொர்வெட் கலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாஹா, மேவ், கிளியோனா. அயர்லாந்தின் புராணப் பெண்களின் பெயர்கள். போர்க்காலத்தில் சரக்குக் கப்பல் தொடருக்குத் துணை போவதற்காக அவசரமாகக் கட்டப்பட்ட வகை இது. வேகம் 16 நொட். சாதாரண அலைக்கே கடுமையாக உருளும். அதில் வேலை செய்த இயந்திரக்காரருக்கு எனது வணக்கம். 1948 இல் கவிஞர் யேட்ஸின் உடலைப் பிரான்சில் இருந்து தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தது மாஹா. கிளியோனாவில் 1962 மே மாதம், பயிற்சியின்போது ஆழ்கடல் வெடிகுண்டு ஒன்று முன்கூட்டியே வெடித்து, கொதிகலன் அறையில் தீப்பிடித்தது. பணியாளர்கள் தீயோடு போராடிக் கப்பலைக் காப்பாற்றினார்கள். கொதிகலன் அறைத் தீ என்றால் என்ன என்று கப்பலில் இருந்தவனுக்குத்தான் தெரியும். அவர்களுக்கான அங்கீகாரம் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது.

சித்தங்கேணி

எல்லாம் சரி. எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம் உண்டு. அயர்லாந்துக்குப் பக்கத்தில் பிரித்தானியா இருக்கிறது. யார் தாக்க வந்தாலும் பிரித்தானியா தனக்காகவேனும் தடுக்கும். அந்த நிழலில் இருந்துகொண்டு மீன் காவல் செய்வது ஒரு கடற்படையா? அதைக் கரையோரக் காவல் என்று சொன்னால் போதாதா? இலங்கையிலும் 2009 இல் சட்டம் இயற்றிக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் தொடங்கினார்கள். கடற்படை வேறு, அது வேறு.

கோட்டைக்கரை

சித்தங்கேணி அண்ணாவின் கேள்விக்கும் குருநகர்த் தம்பியின் கேள்விக்கும் ஒரே பதில்தான், கொஞ்சம் நீளமானது.

கொர்வெட் காலம் மோசமாக முடிந்தது. புதிதாக எதுவும் வாங்காமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மூன்றையே ஓட்டினார்கள். 1970 அளவில் மூன்றும் பழைய இரும்புக்குப் போயின. ஒரு தீவு நாடு கடலில் அனுப்பக் கலமில்லாமல் நின்றது. அவசரத்துக்குப் பிரித்தானியாவிடம் இருந்தே மூன்று கண்ணிவாரிக் கலங்களை (கடற்கண்ணிகளை அகற்றுபவை) வாங்கினார்கள். அதன் பிறகுதான் விழிப்பு வந்தது. 1972 இல் டெர்ட்ரா என்ற கலம் கோர்க் துறைமுகத்தின் வெரோல்மே கட்டுதளத்தில் நீரில் இறங்கியது. அயர்லாந்துக் கடற்படைக்கென்றே அயர்லாந்தில் கட்டப்பட்ட முதற் கலம். 1973 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தார்கள். 1977 இல் மீன்பிடி எல்லை 200 கடல்மைலாக விரிந்தது. காக்க வேண்டிய கடல் திடீரென நான்கு லட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேல் ஆனது. நிலம் எழுபதாயிரம்தான். ஏமர், ஈஃபா, அஷ்லிங் என்று அடுத்தடுத்துக் கட்டினார்கள். 1984 இல் ஹெலிகொப்டர் இறங்கும் தளத்துடன் ஏத்னா. அதுவே அந்தக் கட்டுதளத்தின் கடைசிக் கப்பல்.

அந்தக் கலங்களின் வடிவமைப்பைப் பாருங்கள். வேகமும் பெரிய ஆயுதமும் முக்கியமாக இருக்கவில்லை. அத்திலாந்திக்கின் குளிர்கால அலையில் வாரக்கணக்கில் நின்று, சிறு படகை இறக்கி, சந்தேகத்துக்குரிய இழுவைப் படகில் ஆளை ஏற்றுவதுதான் முக்கியம். ஏறியவர்கள் வலைக்கண்ணை அளப்பார்கள், பதிவுப் புத்தகத்தைப் பார்ப்பார்கள், மீன் அறையில் இறங்கிப் பிடிபட்ட அளவை ஒப்பிடுவார்கள். இதுவே அவர்களின் தினசரி வேலை. எந்த வேலைக்கு என்று தெளிவாக இருந்ததால் அதற்கேற்ற கப்பல் கிடைத்தது.

இப்போது குருநகர்த் தம்பிக்கு. வந்தார்கள். ஸ்பெயினில் இருந்து பெரும் எண்ணிக்கையில் வந்தார்கள். 1984 அக்டோபரில் சோனியா என்ற ஸ்பானிய இழுவைப் படகை அஷ்லிங் மறித்தது. நிற்க மறுத்த சோனியா, கடற்படைக் கலத்தை இடிக்கப் பார்த்தது. ஐந்து மணி நேரம் துரத்தினார்கள். நூற்றுக்கணக்கான எச்சரிக்கை வேட்டுகள். தப்பியோடிய படகு பின்னர் மூழ்கியது. அதில் இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள்.

இதற்கு அடுத்த சம்பவத்தை எல்லோரும் வாசிக்க வேண்டும். 1990 ஜனவரி, பான்ட்ரி குடாவில் கடும் புயல். ஸ்பானிய இழுவைப் படகு ஒன்று பாறையில் ஏறிவிட்டது. டெர்ட்ரா கலம் இரண்டு கடற்படையினரைச் சிறு றப்பர் படகில் அனுப்பியது. படகு கவிழ்ந்தது. ஒருவர் நீந்திக் கரை சேர்ந்தார். மைக்கேல் குவின் என்ற மாலுமி இறந்தார். ஆண்டு முழுவதும் தாங்கள் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்திய அதே நாட்டு மீனவரைக் காப்பாற்றப் போய் உயிர் கொடுத்தார். அயர்லாந்து அவருக்கு உயரிய பதக்கம் அளித்தது. ஸ்பெயினும் தனது கடற்படைப் பதக்கத்தை அளித்தது.

சித்தங்கேணி அண்ணா, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1985 ஜூன் 23 அன்று எயார் இந்தியா 182 விமானம் குண்டு வெடித்து அயர்லாந்துக்குத் தென்மேற்கே கடலில் விழுந்தது. 329 பேர் இறந்தார்கள். முதலில் அங்கு சென்று மீட்புப் பணியை நடத்திய கலங்களில் ஒன்று அஷ்லிங். இளம் மாலுமிகள் கடலில் குதித்து உடல்களை மீட்டார்கள். 131 உடல்களே கிடைத்தன. இந்திய வம்சாவளியினர் பலர் பயணித்த விமானம் அது. இதைச் செய்த சேவையைக் கடற்படை என்று அழைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

குருநகர்க்காரன்

மைக்கேல் குவின் கதையை வீட்டில் சத்தமாக வாசித்தேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆசிரியரே, நமது நிலையையும் எழுதுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வாரத்தில் மூன்று இரவுகள் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வருவது இங்கு ஊருக்கே தெரியும். அந்த இரவுகளில் நாங்கள் வலை விரிக்கத் தயங்குகிறோம். விரித்த வலையை இழுவைமடி அறுத்துக்கொண்டு போனால் கடன் எங்கள் தலையில். அங்கு ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் நடுவரை இழுவைப் படகுகளுக்குத் தடை இருக்கும் 61 நாட்களும்தான் எங்களுக்கு நிம்மதியான தொழில். அடிமடி இழுவை இலங்கையில் 2017 முதல் சட்டப்படி தடை. குருநகரில் நமது ஆட்களே சிலர் இழுவைத் தொழில் செய்தார்கள், செய்கிறார்கள். அதையும் மறைக்க மாட்டேன். கடலின் அடியைச் சுரண்டினால் சுரண்டியவன் மொழி எதுவானாலும் இறால் குஞ்சு திரும்பி வராது.

அங்கிருந்து வருபவர்களும் கூலிக்கு வரும் ஏழைகள். பிடிபட்டுச் சிறையில் இருக்கும்போது அவர்களின் பிள்ளைகள் அழுவது தொலைக்காட்சியில் வரும். மனம் கேட்காது. ஆனால் படகின் முதலாளி கரையில் இருக்கிறார். அவரை யார் பிடிப்பது? அயர்லாந்தில் இதற்கு என்ன செய்தார்கள்?

தீவுமகள்

நான் சட்டம் படிக்கிறேன், சொந்த ஊர் நெடுந்தீவு. குருநகர் அண்ணா கேட்டதுதான் இந்த இழையின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன். தேடிப் படித்ததைத் தருகிறேன்.

அயர்லாந்தில் கடற்படையின் அதிகாரம் துறைமுகத்தோடு முடிகிறது. கடலில் படகை மறித்து, சோதித்து, தவறு கண்டால் அருகில் உள்ள துறைமுகத்துக்குக் கூட்டிவந்து பொலிஸாரிடம் ஒப்படைப்பார்கள். மாவட்ட நீதிமன்றம் 48 மணி நேரம் படகைத் தடுத்துவைக்க உத்தரவிடலாம். அதன் பிறகு உரிமையாளர் பிணைத்தொகை கட்டினால்தான் படகு வெளியே போகும். வழக்கு அதற்கு மேலுள்ள சுற்று நீதிமன்றத்துக்குப் போகிறது. குற்றம் நிறுவப்பட்டால் தண்டப்பணம், கூடவே பிடித்த மீனும் மீன்பிடி உபகரணமும் பறிமுதல். 2007 இல் கடல் மீன்வளப் பாதுகாப்புக்கென்று தனி அதிகார சபையும் அமைத்தார்கள். கடற்படை அதோடு சேர்ந்து இயங்குகிறது.

ஆகவே இடி விழுவது கூலியாளின் தலையில் அல்ல, உரிமையாளரின் பணப்பையில். அதுவே வித்தியாசம். இலங்கையில் 2018 இல் வெளிநாட்டுப் படகுகள் தொடர்பான சட்டத்தைத் திருத்தித் தண்டப்பணத்தைப் பெரிதாக உயர்த்தினார்கள். கடற்படை பிடித்து, கடற்றொழில் திணைக்களத்திடம் ஒப்படைத்து, ஊர்காவற்றுறை போன்ற நீதவான் நீதிமன்றங்களில் நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு ஆட்கள் விடுதலையாகிறார்கள். உரிமையாளர் நீதிமன்றத்துக்கு வரவில்லை என்றால் படகு அரசுடைமை. அந்தப் படகுகள் மயிலிட்டியிலும் காரைநகரிலும் கிடந்து உக்கிப்போவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2022 இல் ஒரு தொகுதியை ஏலத்தில் விற்றார்கள். ஒரு முக்கிய வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினும் அயர்லாந்தும் 1986 முதல் ஒரே சமூகத்தின் உறுப்பினர்கள். யார் எங்கே எவ்வளவு பிடிக்கலாம் என்று பேசித் தீர்க்க ஒரு மேசை இருந்தது. அயர்லாந்தைச் சுற்றிய கடலின் பெரும்பகுதி 1995 முடிவுவரை ஸ்பானியப் படகுகளுக்கு ஏறக்குறைய மூடியே இருந்தது, அதன் பிறகு எண்ணிக்கை வரையறுத்துத் திறந்தார்கள். பாக்கு நீரிணைக்கு 1974 இல் எல்லைக்கோடு மட்டும் கிடைத்தது. அந்த மேசை கிடைக்கவில்லை.

மணற்காடு

இலங்கைக் கடற்படையின் தொடக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு குறிப்பு. 1937 இன் சட்டத்தின் கீழ் தொண்டர் படையாகத் தொடங்கி, உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் கீழ் இயங்கி, 1950 டிசம்பர் 9 அன்று ரோயல் சிலோன் கடற்படையாக மாறியது. முதற் தளபதி பிரித்தானியக் கடற்படையின் கப்டன் பாங்க்ஸ். அயர்லாந்துக் கடற்படையின் முதற் பணிப்பாளரும் பிரித்தானியக் கடற்படையில் இருந்து வந்த கப்டன் ஜெரோம். இலங்கையின் முதற் கப்பல் விஜய, அதுவும் பிரித்தானியாவின் பழைய கண்ணிவாரி.

1960 முதல் 1970 வரை இலங்கைக் கடற்படையின் தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர், மானிப்பாய்க் குடும்பத்தைச் சேர்ந்த தமிழர். முன்னாள் வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமரின் மூத்த சகோதரர். பத்தாண்டுகள் ஒரு தமிழர் கடற்படைக்குத் தலைமை தாங்கினார் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இது வர வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. அந்தக் காலத்தில் பாக்கு நீரிணையில் கடற்படையின் முக்கிய வேலை கடத்தலையும் சட்டவிரோதக் குடியேற்றத்தையும் தடுப்பது. வேலையின் தன்மை அயர்லாந்தை ஒத்திருந்தது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே எழுதவில்லை.

சித்தங்கேணி

தகவல்கள் அருமை. ஆனால் தலைப்பில் உள்ளதை இன்னும் யாரும் தொடவில்லை. கணக்காளன் என்பதால் எனக்கு அதில்தான் ஆர்வம். அயர்லாந்துக் கடற்படைக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி 1,094. இப்போது இருப்பவர்கள் எண்ணூறுக்கும் கீழ். 2019 இல் ஆளில்லாமல் ஏத்னாவையும் ஓர்லாவையும் துறையில் கட்டினார்கள். 2022 ஜூலையில் ஏத்னா, ஓர்லா, கீரா மூன்றையும் ஒன்றாகச் சேவையில் இருந்து நீக்கினார்கள். கரையோரக் காவலுக்கென்று நியூசிலாந்திடம் 2.6 கோடி யூரோவுக்கு இரண்டு கலங்கள் வாங்கினார்கள். அவை 2023 இல் கோர்க்கை அடைந்தன, சேவையில் சேர 2024 செப்டம்பர் ஆனது. 2023 தொடக்கத்தில் றோஷீன், நீவ் இரண்டையும் ஒதுக்கத்தில் வைத்தார்கள். கப்பல் பட்டியலில் எட்டு. கடலில் சில வேளைகளில் இரண்டு. பணக்கார நாடு ஒன்றால் இதைச் சரிசெய்ய முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

வல்வை மாலுமி

தம்பி, அர்த்தத்தை நான் சொல்கிறேன். கப்பலில் வாழ்ந்தவனுக்கு இது புதிர் இல்லை.

அந்தக் கடற்படையின் அமைப்பைப் பாருங்கள். தலைவர் கொமடோர் பதவியில் இருப்பவர். அவருக்குக் கீழே மூன்று பிரிவுகள்: செயற்பாடுகள், ஆதரவு, கடற்படைக் கல்லூரி. கப்பல்களும் ரோந்தும் முதலாவதில். திருத்தம், கொள்வனவு, களஞ்சியம் இரண்டாவதில். பயிற்சி மூன்றாவதில். தனிப் படையாக அல்ல, தரைப்படை, விமானப் பிரிவோடு சேர்ந்த ஒரே பாதுகாப்புப் படையின் ஓர் அங்கம். சம்பளமும் விதிகளும் தரையில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டால் கடலில் இருப்பவர் பாடு என்ன? வாரக்கணக்கில் வீட்டை விட்டு இருப்பவருக்குக் கிடைக்கும் கடல்படி போதவில்லை என்பதே அங்கு நீண்டகாலமாக ஒலிக்கும் முறைப்பாடு.

2004 இல் றிங்காஸ்கிடியில் தேசிய கடல்சார் கல்லூரி திறந்தார்கள். கடற்படை மாணவரும் வணிகக் கப்பல் மாணவரும் ஒரே கூரையின் கீழ் படிக்கிறார்கள். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, இலங்கையிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் அங்கு தேறிய இயந்திரப் பொறியியலாளரை, மின்னணு வல்லுநரை, கோர்க்கைச் சுற்றியுள்ள மருந்து, கணினித் தொழிற்சாலைகள் இரட்டிப்புச் சம்பளம் காட்டிக் கூப்பிடும். அவர் தினமும் மாலை வீட்டுக்குப் போகலாம். நான் அந்த வயதில் அங்கு இருந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

புதிய கலங்கள் சிறந்தவை, அதில் சந்தேகம் இல்லை. சாமுவேல் பெக்கெற், ஜேம்ஸ் ஜோய்ஸ், வில்லியம் பட்லர் யேட்ஸ், ஜோர்ஜ் பேர்னாட் ஷா என்று நான்கு, 2014 முதல் 2019 வரை. நீளம் 90 மீற்றர், முன்னால் 76 மில்லிமீற்றர் பீரங்கி, இங்கிலாந்தின் டெவனில் கட்டியவை. ஒரு கப்பலுக்கு 44 பேர் போதும். ஆனால் அந்த 44 பேரில் தகுதியான தலைமைப் பொறியியலாளர் ஒருவர் இல்லை என்றால் மீதி 43 பேரும் கரையில்தான். கப்பல் பயிற்சி பத்தாண்டு எடுக்கும். அதைப் பணம் கொடுத்து ஒரு மாதத்தில் வாங்க முடியாது. 1970 இல் அவர்களிடம் கப்பல் இருக்கவில்லை, ஆள் இருந்தார்கள். அதனால் மீண்டார்கள். இப்போது நிலைமை மாறிவிட்டது. மீள்வது இதைவிடக் கடினம்.

கோட்டைக்கரை

ஐயா சொன்னதற்கு மேல் சேர்க்க என்னிடம் அதிகம் இல்லை. ஆள் இருந்தபோது அந்தச் சிறிய சேவை என்ன செய்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டும். 2015 மே மாதம் ஏத்னாவை மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்கள். லிபியாவில் இருந்து றப்பர் படகுகளிலும் மரப் படகுகளிலும் புறப்பட்ட அகதிகளை மீட்கும் பணி. பின்னர் நீவ், சாமுவேல் பெக்கெற் கலங்களும் போயின. அந்த ஒரே ஆண்டில் 8,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கரை சேர்த்தார்கள். மீன்பிடிப் படகை நெருங்கிச் சிறு படகை இறக்கி ஆளை ஏற்றும் கலையை நாற்பது ஆண்டுகள் பழகியவர்களுக்கு, மூழ்கும் படகை நெருங்கத் தெரிந்திருந்தது. நமது உறவினர் பலர் கடல் வழியாக உயிரைப் பணயம் வைத்துப் போனவர்கள். இதை வாசிக்கும்போது எனக்கு அவர்களின் முகங்களே வந்தன.

குருநகர்க்காரன்

2022 இல் ரஷ்யக் கடற்படை அங்கு பயிற்சி செய்ய வந்ததையும் மீனவர்கள் மறித்ததையும் கேள்விப்பட்டேன். உண்மையா?

தீவுமகள்

உண்மை அண்ணா. ஆனால் மறிக்கவில்லை. 2022 பெப்ரவரித் தொடக்கத்தில் அயர்லாந்தின் தென்மேற்கே, அதன் பிரத்தியேகப் பொருளாதார வலயத்துக்குள், நேரடிச் சூட்டுப் பயிற்சி நடத்தப்போவதாக ரஷ்யா அறிவித்தது. சர்வதேசக் கடற்சட்டத்தின்படி அதைத் தடுக்க அயர்லாந்துக்கு உரிமை இருக்கவில்லை, வலயம் என்பது இறைமைக் கடல் அல்ல. தென், மேற்குக் கரை மீனவர் அமைப்பு ரஷ்யத் தூதரகத்துக்குப் போய்ப் பேசியது. அது எங்கள் வழமையான மீன்பிடி இடம், எங்கள் படகுகள் அங்கு தொழில் செய்துகொண்டே இருக்கும் என்று சொன்னார்கள். ஜனவரி கடைசியில் ரஷ்யா பயிற்சியை வலயத்துக்கு வெளியே மாற்றியது. அயர்லாந்து அரசும் கேட்டுக்கொண்டது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன் பிறகுதான் அங்கு பாதுகாப்பு பற்றிய பேச்சே மாறியது. அத்திலாந்திக்கைக் கடக்கும் தகவல் வடங்கள் பல அந்தக் கடலடியில் போகின்றன. 2024 நவம்பரில் யான்தார் என்ற ரஷ்யக் கப்பல் அந்தப் பகுதியில் சுற்றியபோது ஜேம்ஸ் ஜோய்ஸ் கலம் பின்தொடர்ந்து வலயத்துக்கு வெளியே அனுப்பியது. 2023 செப்டம்பரில் எம்.வி. மத்தியூ என்ற சரக்குக் கப்பலை மறித்து, எச்சரிக்கை வேட்டு வைத்து, ஹெலிகொப்டரில் இருந்து சிறப்புப் படையை இறக்கி 2.2 தொன் கொக்கெயின் பிடித்தார்கள். மீன் காவலுக்கு என்று தொடங்கிய சேவையிடம் இப்போது எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறார்கள்.

சித்தங்கேணி

நான் இன்னும் முழுதாக உடன்படவில்லை. பெரிய அயல்நாட்டின் நிழல் இல்லாமல் இந்த மாதிரி நிற்காது என்பதே எனது நிலை. ஆனால் கடல்படி பற்றி வல்வை ஐயா எழுதியதை நமது பக்கத்திலும் யாராவது கணக்கெடுக்க வேண்டும். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தில் வடக்கில் இருந்து தமிழ் பேசும் இளைஞர்கள் எத்தனை பேர் சேர்கிறார்கள், சேர என்ன தடை? பாக்கு நீரிணையில் மறிப்பவரும் மறிக்கப்படுபவரும் ஒரே மொழி பேசினால் பாதிப் பிரச்சினை படகோடு படகாகப் பேசியே தீரும்.

குருநகர்க்காரன்

எங்கள் சங்கக் கூட்டம் அடுத்த வாரம் இருக்கிறது. தீவுமகள் தங்கச்சி, அந்தப் பிணைத்தொகை முறையையும் உரிமையாளர் பொறுப்பையும் ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதித் தர முடியுமா? அங்கு வாசிக்க வேண்டும். திணைக்கள அதிகாரியும் வருவார்.

தீவுமகள்

எழுதித் தருகிறேன் அண்ணா. 2018 திருத்தச் சட்டத்தில் உரிமையாளரைப் பற்றி என்ன இருக்கிறது என்பதையும் பிரிவு வாரியாகச் சேர்க்கிறேன். புதன்கிழமைக்குள் இங்கேயே பதிவிடுவேன், அச்சிட்டுக்கொள்ளுங்கள்.